எதிர்தரப்பு வக்கீல் கூட டீ குடிச்சது தப்பா அக்கா?

கேள்வி: அக்கா வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊரு எனக்கு. அப்பா கடலுக்குப் போறவர். எங்க குடும்பத்துல, ஏன் எங்க தெருவுலயே, முதல் வக்கீல் நான்தான். என்ரோல் பண்ணி 2 வருஷம் ஆச்சு, தக்கலையில ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், நாலு பேர தெரிஞ்சுக்கோ, கான்டாக்ட் இல்லாம இந்தத் தொழில்ல நிக்க முடியாதுன்னு. எனக்கு சும்மா போய் சிரிச்சுப் பேசி பழக வரல, நடிக்கிற மாதிரி இருக்கு. கூட உள்ள ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர பழக்கம் பிடி, கேஸுக்கு இவ்வளவுன்னு குடுத்தா தானா வரும்ங்கிறார். போன வாரம் ஒரு வழிப்பிரச்சனை கேஸ்ல எதிர்தரப்பு ஜூனியர் கூட கேண்டீன்ல டீ குடிச்சேன், லா காலேஜ்ல என் கூட படிச்சவ. அத என் கட்சிக்காரர் பாத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தாச்சு, நான் கேஸ வேற வக்கீலுக்கு குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு போயிட்டார். ராத்திரி தூக்கமே வரல. நான் என்ன தப்பு பண்ணினேன்?

பதில்:

மக்ளே, டீ குடிச்சது தப்பில்ல. ஆனா உன் கட்சிக்காரர் கோவப்பட்டதும் தப்பில்ல. ரெண்டையும் சேத்துப் புரிஞ்சுகிட்டா உன் கேள்வியில பாதி தீந்திரும், அதனால டீயில இருந்தே தொடங்குறேன்.

அந்த ஆள் பக்கத்துல நின்னு யோசிச்சுப் பாரு. அவருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு கேஸ். வீட்டுக்குப் போற நாலடி வழி, அத பக்கத்து வீட்டுக்காரன் மறிச்சுட்டான், தினமும் காலையில கண்ணு முழிச்சா அவன் மூஞ்சியில முழிக்கிறார், கோர்ட்டுக்கு வர்ற ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகுது. அப்படி வந்தவர் பாக்குறது என்ன, தன் வக்கீலும் அவன் வக்கீலும் ஒரே மேசையில உக்காந்து சிரிக்கிறத. உங்களுக்குள்ள காலேஜ் பழக்கம்னு அவருக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே தெரியும். நீ அங்க விட்டுட்ட, அவ்வளவுதான்.

நான் இப்ப என்ன பண்ணுறேன்னா, வக்காலத்துல கையெழுத்து வாங்குற அன்னைக்கே சொல்லிருவேன். நாளைக்கு எதிர்தரப்பு வக்கீல் கூட நான் பேசுறத நீங்க பாப்பீங்க, அவரு என் சிநேகிதரா கூட இருக்கலாம், நாங்க ஒரே பார்ல, அதான் வக்கீல் சங்கத்துல, இருக்கவங்க, ஆனா உங்க கேஸப் பத்தி உங்ககிட்ட கேக்காம ஒரு வார்த்தை அங்க போகாதுன்னு. சமாதானம் அது இதுன்னு எதிர்தரப்பு வக்கீல் வாய் தொறந்தா அன்னைக்கு சாயங்காலமே கட்சிக்காரருக்கு போன் பண்ணி அப்படியே சொல்லிருவேன், நல்ல பேச்சா கெட்ட பேச்சான்னு நானா வடிகட்ட மாட்டேன். அப்புறம் இன்னொண்ணு, கட்சிக்காரர் சாட்சி சொல்ல வந்திருக்க நாள்ல எதிர்தரப்பு ஆள் கூட நான் டீ குடிக்க மாட்டேன், அவரு எனக்கு எவ்வளவு வேண்டியவரா இருந்தாலும் சரி. கூண்டுல ஏறி நடுங்கி குறுக்கு விசாரணையில அடி வாங்கி இறங்குன மனுஷன், அவர அப்படிக் குடஞ்ச வக்கீல் கூட நான் ரசவடை தின்னுட்டு நிக்கிறதப் பாத்தா அவருக்கு எப்படி இருக்கும். அது நடிப்பு இல்ல மக்ளே, அடுத்தவங்க வெப்ராளத்த மதிக்கிறது.

அவரு வேற வக்கீல வச்சே ஆகணும்னு நின்னா தடுக்காத. நம்ம ஆளுக கோவத்துல பண்ணுற பெரிய தப்பு இதுதான், வேற வக்கீல் வைக்க நோ அப்ஜெக்‌ஷன் குடுக்காம இழுத்தடிக்கிறது, பீஸ் பாக்கி இருக்குன்னு கேஸ் கட்ட பூட்டி வைக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி ஏற்கனவே ஒருத்தர் வக்காலத்து போட்ட கேஸ்ல இன்னொருத்தர் நுழையணும்னா முதல்ல உள்ளவர் சம்மதம் வேணும், அவரு தரலன்னா காரணத்தச் சொல்லி கோர்ட் அனுமதி வாங்கணும். அந்தச் சம்மதத்த வச்சு மிரட்டக்கூடாது. கட்ட பிடிச்சு வைக்கவும் நமக்கு உரிமை கிடையாது, 2000-ல ஆர்.டி. சக்சேனா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு, பீஸ் பாக்கி இருந்தா அதுக்கு தனியா வழி பாரு, பேப்பர பணயமா வைக்காதன்னு. அதனால அவரு கேட்டா உன் சீனியர்கிட்ட சொல்லி அன்னைக்கே குடுக்க வை, பேப்பர நம்பர் போட்டு அடுக்கி, அடுத்த வாய்தா தேதிய மேல எழுதி, புதுசா வர்ற வக்கீலுக்கு ஒரு போன் பண்ணி இதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்லு. கேஸ் போச்சேன்னு இருக்கும். ஆனா அந்தப் புது வக்கீல் இந்த போன 10 வருஷம் கழிச்சும் ஞாபகம் வச்சிருப்பார், நான் பாத்திருக்கேன்.

நீ கேட்ட கான்டாக்ட்டுங்கிறது நம்ம மாவட்டத்துல இப்படித்தான் உண்டாகுது. நாகர்கோவில், தக்கலை, இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி, இவ்வளவுதான் நம்ம உலகம், சாயங்காலம் தக்கலையில ஒருத்தர் பண்ணினது மறுநாள் காலையில குழித்துறையில தெரிஞ்சிரும். இங்க ஒரு வக்கீலப் பத்தி இன்னொரு வக்கீல்கிட்ட கேட்டுப் பாரு, எவ்வளவு பேர தெரியும்னா சொல்லுவாவ? அவ சொன்னா சொன்னதுதான்னு சொல்லுவாவ, இல்லன்னா அவர்கிட்ட எதையும் எழுத்துல வாங்கிக்கோன்னு சொல்லுவாவ. இந்த ரெண்டு பேருல எது உனக்குக் கிடைக்கப் போகுதுங்கிறது முதல் அஞ்சு வருஷத்துலயே முடிவாயிரும்.

எனக்கு நடந்தத சொல்றேன். 2003-ன்னு நினைவு, இரணியல் கோர்ட்ல ஒரு கேஸ்ல எங்க பக்கம் ரிட்டன் ஸ்டேட்மென்ட், அதான் எழுத்துல பதில், போட கடைசி வாய்தா. மார்த்தாண்டத்துல அன்னைக்கு மேம்பாலம் கிடையாது, பஸ் ஜங்ஷன்லயே மாட்டி ஒரு மணி நேரம் நகரல, எங்கிட்ட போனும் கிடையாது. நான் ஓடி வந்து கோர்ட்டுக்குள்ள நுழையும்போது கேஸ் கூப்பிட்டு முடிஞ்சாச்சு, அழுகையே வந்துட்டு. ஆனா எக்ஸ்பார்ட்டி ஆகல, அதாவது எங்க பக்கம் ஆள் வரலன்னு ஒதுக்கி வைக்கல. எதிர்தரப்பு வக்கீல், எனக்கு அவர முகம் மட்டும்தான் தெரியும், எந்திரிச்சு அந்தம்மா மார்த்தாண்டத்துல இருந்து வரணும், பஸ்ஸுல மாட்டியிருக்கும், பாஸ் ஓவர் குடுங்க, கொஞ்சம் கழிச்சு கூப்பிடுங்கன்னு கேட்டிருக்கார். அவரு கட்சிக்காரருக்கு அதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல, ரெண்டாவது தடவ கூப்பிடும்போது நான் போட்டுட்டேன். அந்தக் கேஸ கடைசியில அவருதான் ஜெயிச்சார், அது வேற. அதுக்கப்புறம் அவரு வீட்டுல நடந்த ஒரு நல்லது கெட்டது நான் விட்டது கிடையாது, அவரு இறந்த அன்னைக்கு துட்டி வீட்டுல ராத்திரி வரைக்கும் இருந்தேன். இத நான் பிளான் பண்ணி வளர்த்த கான்டாக்ட்டுன்னு யாராவது சொல்ல முடியுமா.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் நடந்துச்சு. இன்னொருத்தர், எனக்கு காய்ச்சல்னு தெரிஞ்சு, நீ வரவேண்டாம் நான் வாய்தா வாங்கித் தாறேன்னு வாய்நிறைய சொன்னார், நம்பி வீட்டுல படுத்திருந்தேன், அன்னைக்கே எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதான் ஒருதலைத் தீர்ப்பு, வாங்கிட்டார். டிக்ரி ஆன 30 நாளுக்குள்ள அத ரத்து பண்ண மனு போடணும், போட்டேன், கோர்ட்ல காஸ்ட், அதான் எதிர்தரப்புக்கு செலவுத் தொகை, கட்டச் சொல்லி அனுமதிச்சாங்க, அந்த காஸ்ட்ட நான் என் கையில இருந்துதான் கட்டினேன், ஏன்னா என் கட்சிக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். இன்னைக்கும் அந்த ஆளப் பாத்தா வணக்கம் சொல்லுவேன், நல்லா பேசுவேன், ஆனா வாய் வார்த்தைய மட்டும் வாங்க மாட்டேன். அவருக்கு பார்ல ஆயிரம் பேர தெரியும், எல்லா கல்யாண வீட்டுலயும் முன் வரிசையில இருப்பார்.

நீ நடிக்க வரலன்னு வருத்தப்படாத, சந்தோஷப்படு. சும்மா போய் பேசுறதுக்கு எனக்கும் வராது. ஆனா வேலைய வச்சு ஒருத்தர்கிட்ட போகலாம் பாரு, அது எல்லாருக்கும் வரும். எனக்கு அப்படி வந்ததுதான் மலையாளம்.

என்ரோல் பண்ணி ரெண்டாவது வருஷம், இப்ப உன் வயசுதான் எனக்கு, ஒரு பாகப்பிரிவினைக் கேஸ் கட்ட சீனியர் எங்கிட்ட தள்ளிட்டார். ஒரு அக்கா, கூடப் பொறந்த மூணு ஆம்பளைங்க மேல போட்ட கேஸ். நம்ம மேற்குப் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பம். திருவிதாங்கூர் காலத்து 1916 சட்டப்படின்னா பொம்பளப் பிள்ளைக்கு ஆம்பளப் பிள்ளை பங்குல கால்வாசி இல்லன்னா 5,000 ரூபா, இதுல எது குறைவோ அது, அவ்வளவுதான். 1986-ல மேரி ராய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அத மாத்தி இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும்னு சொன்ன பிறகுதான் அந்த அக்காவுக்கு சம பங்கு கேக்கவே தைரியம் வந்திருக்கு. சட்டம் எனக்குத் தெரியும், படிச்சிருந்தேன். ஆனா அவங்க அப்பா நிலம் வாங்குன ஆதாரம், அதான் பத்திரம், மலையாள வருஷமான கொல்லம் 1119-ல எழுதுனது, முழுக்க மலையாளம், அதுவும் கையெழுத்து. ஒரு எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. வெக்கம் வேற, மார்த்தாண்டத்துக்காரி மலையாளம் பேசத் தெரியும் வாசிக்கத் தெரியாதுன்னா சிரிப்பாங்கன்னு ரெண்டு நாள் அத பைக்குள்ளயே வச்சுகிட்டு அலஞ்சேன்.

பிறகு வேற ஒரு ஆபீஸ்ல இருந்த வயசான குமாஸ்தா ஒருத்தர்கிட்ட போய் கேட்டேன். பதிவான ஆதாரம்தான், அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல, கேஸப் பத்தி வேற எதையும் நான் பேசல, அவரும் கேக்கல, பழைய ஆளுகளுக்கு அந்த மரியாதை தெரியும். அவரு வாசிச்சு சொல்றத எழுதிட்டு போயிருக்கலாம். ஆனா ஏன் அப்படித் தோணிச்சோ, எனக்கும் வாசிக்க சொல்லித் தாங்க மாமான்னு கேட்டுட்டேன். அவரு முகம் மாறுனத இப்பவும் மறக்கல. 40 வருஷத்துல ஒரு வக்கீலும் எங்கிட்ட படிக்கணும்னு கேட்டது இல்ல பிள்ளேன்னார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரம், மூணு நாலு மாசம். எழுத்து மட்டுமில்ல, கொல்லம் ஆண்ட எப்படி மாத்துறதுன்னும் அவருதான் சொன்னார், 825 கூட்டிக்கோ, மலையாள வருஷம் பிறக்குற சிங்ஙம் ஒண்ணுல இருந்து டிசம்பர் முடிய எழுதுன ஆதாரமா இருந்தா மட்டும் 824 கூட்டணும், இந்த ஒரு வருஷ வித்தியாசத்துல கேஸ் தோத்தவங்க இருக்காவன்னு.

இன்னைக்கு குழித்துறையில இருந்தும் தக்கலையில இருந்தும் பழைய ஆதாரத்தத் தூக்கிட்டு எங்கிட்ட வர்ற வக்கீல்மார் ஒருபாடு பேரு. நான் யாருக்கும் கார்டு குடுத்தது கிடையாது. ஒருத்தருக்கு ஒரு எழுத்து வாசிச்சுக் குடுத்தா அடுத்த வாரம் எனக்கு ஒரு ஜட்ஜ்மென்ட் நம்பர் அவங்ககிட்ட இருந்து வரும், இது இப்படியே 25 வருஷமா போகுது. உங்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு மக்ளே, நீதான் அத ஒரு குறையா எழுதியிருக்க. கடற்கரையில இருந்து வந்த முதல் வக்கீல்னு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்ச பிறகு, கடலுக்குப் போய் திரும்பாதவங்க வீட்டுப் பொம்பளைங்க என்னென்ன பேப்பருக்கு அலஞ்சாங்கன்னு நான் கரையில இருந்து பாத்தவ, நீ வீட்டுக்குள்ள இருந்து பாத்திருப்ப. காணாமப் போனவர் 7 வருஷம் தகவல் இல்லன்னாதான் இறந்ததா சட்டம் பொதுவா அனுமானிக்கும், ஒக்கியில அரசாங்கம் அதுவரைக்கும் காக்க வைக்காம நிவாரணம் குடுத்துச்சு. ஆனா புயல் இல்லாம சாதாரண நாள்ல ஒரு வள்ளம் திரும்பலன்னா? பேங்க் கடன், இன்சூரன்ஸ், வாரிசு சர்டிபிகேட், இதெல்லாம் யாரு அவங்களுக்கு சொல்லிக் குடுப்பா. இத ஆழமா படிச்சு வை. கடற்கரை கேஸ்னா இவள கேளுன்னு நாகர்கோவில் பார்ல பேரு வந்துட்டுன்னா நீ யாரையும் தேடிப் போக வேண்டாம்.

ஸ்டேஷன் ரைட்டர் விஷயம். வேண்டாம், இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. ஆள் வச்சு கேஸ் பிடிக்கிறது பார் கவுன்சில் விதி 36-ல தெளிவா தடை. 2023-ல அட்வகேட்ஸ் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, கேஸ் பிடிச்சுக் குடுக்குற புரோக்கர்களோட லிஸ்ட்ட கோர்ட்டே போடலாம், லிஸ்ட்ல பேர் இருக்கும்போது அந்த வேலை பாத்தா 3 மாசம் வரை ஜெயில், 500 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும்னு வச்சிருக்காங்க. சட்டத்த விடு. அந்த ரைட்டருக்கு நீ குடுக்குற காசு எங்க இருந்து வருது, ராத்திரி மகன தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கம்மல கழட்டி அடகு வச்ச அம்மாகிட்ட இருந்துதான வருது. கிரிமினல் கேஸ் பழகணும்னு ஆசை இருந்தா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பேனல் வக்கீலுக்கு அப்ளை பண்ணு. காவல்ல இருக்கவங்க, பொம்பளைங்க, பிள்ளைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், இவங்களுக்கெல்லாம் 1987 சட்டப்படி வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு. பீஸ் கம்மிதான். ஆனா ஒரு கேஸ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் உன் கையால நடத்தலாம், ஜட்ஜ் உன் வேலைய நேர்ல பாப்பார், ஜட்ஜ் கூட ஒரு வக்கீலுக்கு இருக்க வேண்டிய பழக்கம் அந்த அளவுதான், நடக்குற கேஸப் பத்தி தனியா போய் பேசுறது கூடவே கூடாது.

லிங்க்ட்இன், இன்ஸ்டா எல்லாம் வச்சுக்கோ, சட்டத்த எளிமையா விளக்கி எழுது, நல்லதுதான். கேஸ் வேணும்னு விளம்பரம் மட்டும் பண்ணாத, ஆன்லைன்ல வக்கீல் பிடிச்சுக் குடுக்குற வெப்சைட் பத்தி மெட்ராஸ் ஹைகோர்ட் 2024 ஜூலையில ரொம்ப கடுமையா சொல்லியிருக்கு. கட்சிக்காரர் சொன்ன கதைய பேர மாத்திக்கூட போடாத. நம்ம ஊர்ல பேர மாத்தினா என்ன, எந்தத் தெரு எந்த வீடுன்னு ஒரு நாளுல கண்டுபிடிச்சிருவாங்க. கட்சிக்காரர் நம்மகிட்ட சொன்னது அவரு சம்மதம் இல்லாம வெளிய போகக்கூடாதுன்னு பழைய சாட்சியச் சட்டம் 126-ல இருந்தது, 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டத்துல 132. கேஸ் முடிஞ்சு 20 வருஷம் ஆனாலும் அது அப்படியே நிக்கும், கோயில் கொடையிலயும் சர்ச் திருநாள்லயும் யாரு கேட்டாலும் சரி.

மதுரை பத்தி ஒரு வார்த்தை. 2004 ஜூலையில ஹைகோர்ட் பெஞ்ச் வந்த பிறகு நம்ம அப்பீல் எல்லாம் அங்கதான். அங்க உள்ள ஒரு வக்கீல் கூட பழக்கம் வேணும்னா அவங்க ஆபீஸ்ல போய் உக்கார வேண்டாம், நல்ல கட்டு அனுப்பு போதும். கீழ்க்கோர்ட் அப்பீலும் முடிஞ்சு ஹைகோர்ட்டுக்குப் போற செகண்ட் அப்பீலுக்கு 90 நாள், நகல் வாங்க எடுத்த நாளு தள்ளுபடி. 88-வது நாள் ராத்திரி பஸ்ஸுல கட்சிக்காரர மொட்டையா அனுப்பி வைக்கிறவங்கதான் அதிகம். நீ 40-வது நாளுக்குள்ள, தேதி வாரியா ஒரு பக்கம் எழுதி, மலையாள ஆதாரத்துக்கு மொழிபெயர்ப்பும் வச்சு அனுப்பிப் பாரு, அவங்க உன் பேர ஒருநாளும் மறக்க மாட்டாங்க. அனுப்புனதுக்கு பங்கு கேக்காத.

கடைசியா உன் சீனியர். நீ அவரப் பத்தி கடிதத்துல ஒண்ணும் எழுதல, சம்பளம் பத்தியும் எழுதல, அதான் எனக்கு யோசனையா இருக்கு. 2024 ஜூன்ல ஹைகோர்ட் சொன்னதுக்கு அப்புறம் நம்ம பார் கவுன்சில் சர்க்குலர் போட்டிருக்கு, ஜூனியருக்கு மாசம் சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு. நம்ம பக்கம் எல்லா ஆபீஸ்லயும் அத எதிர்பாக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா கேக்க உனக்கு வாய் இருக்கணும். குடும்ப மாதிரி பழகுறோம் பிறகு எதுக்கு சம்பளக் கணக்குன்னு யாராவது சொன்னா அத நம்பாத, என் ஜூனியர் பிள்ளைங்ககிட்ட நான் அப்படிச் சொன்னா அவங்க என்னையும் நம்பக்கூடாது. பைய, தனியா இருக்கும்போது, மரியாதையா கேளு.

இப்ப திங்கக்கிழமை காலையில கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னால, சீனியர்கிட்ட சொல்லிட்டு அந்தக் கட்சிக்காரருக்கு ஒரு போன் போடு. அண்ணாச்சி, அது எங்கூட படிச்ச பிள்ளை, உங்க வழியப் பத்தி நாங்க ஒண்ணும் பேசல, முன்னாலயே சொல்லாதது என் தப்புன்னு சொல்லு. அவரு கத்தினா கேட்டுக்கோ. அதோட அந்த சிநேகிதிகிட்டயும் நடந்தத சொல்லிரு, அவ கட்சிக்காரரும் அன்னைக்கு அங்க நின்னிருக்கலாம்.

மலையாள ஆதாரம் எதாவது கையில வந்துதுன்னா சனிக்கிழமை மத்தியானம் நாகர்கோவிலுக்கு கொண்டு வா. உன் சீனியர்கிட்ட சொல்லிட்டு வா. நான் வாசிச்சு மட்டும் குடுத்தா போதுமா, இல்ல உனக்கும் படிக்கணுமான்னு வரும்போது சொல்லு.